பாறையில் இருந்து யானை எண்ணுவது

மலை உச்சியில் தொண்டர்கள் காவலிருந்து மிருகங்களைக் கணக்கெடுப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பது லேசான வேலையில்லை. மட்டக்களப்பில் குடும்பிமலைப் பக்கம் ஒரு பாறையில் இரண்டு நாள் இருந்திருக்கிறேன். பகல் 11 மணிக்கு மேல் கானல் ஆடும். பைனாகுலரில் எருமையும் யானையும் ஒன்றுதான். பின்னேரம் குளத்துக்கு இறங்கும்போதுதான் சரியாக எண்ணலாம். 2011 கணக்கெடுப்பில் இலங்கை முழுக்க 5,879 யானை என்று வந்ததும் நீரோரம் இருந்து எண்ணித்தான். இங்கே தந்தமுள்ள கொம்பன் அரிது, அதனால் காது மடலின் கிழிசல், வால் மயிர் என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். அப்புறம், கணக்கெடுக்க ஆள் தேடுகிறவர்கள் பரணில் இரவுக் காவல் இருக்கும் வயல்காரரையும் கேளுங்கள். கிளை முறியும் சத்தத்திலேயே தனியனா கூட்டமா என்று சொல்லிவிடுவார்கள்.