இரண்டு நகுமோமுவையும் ஒன்றாக்கிவிட்டீர்கள்

நேற்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: என் பெரியப்பா நாதஸ்வரம் வாசித்த கேசட் நாடாக்களுக்கு நாங்கள் கணினியில் போட்டுவரும் பட்டியலைப் பற்றி. "அக்கா, பட்டியலைச் சுத்தம் பண்ணியாச்சு, இரட்டிப்பா இருந்ததையெல்லாம் தூக்கிட்டேன்" என்று காலையில் கணினி தெரிந்த தம்பி ஒருவரின் செய்தி. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். பசியாறிக்கொண்டிருந்த நான் தோசையை அப்படியே வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். 'நகுமோமு' என்று தொடங்கும் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தேடினேன். ஒரே ஒரு வரிதான் வந்தது. ராகம் ஆபேரி.

இரண்டு இருந்தன. நான்கு வருடமாக இரண்டு வரிகள் இருந்தன.

ஆபேரியில் இருப்பது 'நகுமோமு கனலேனி'. மத்தியமாவதியில் இருப்பது 'நகுமோமு கலவானி'. இரண்டும் தியாகராஜர் இயற்றியவை, இரண்டும் ஆதி தாளம். முதல் சொல்லும் ஒன்று. அதனால் இரண்டும் ஒன்று என்று தம்பி முடிவு செய்துவிட்டார். முதல் பாட்டு, உன் சிரித்த முகத்தைக் காண முடியாமல் நான் படும் பாடு உனக்குத் தெரியாதா என்று ஏங்குவது. இரண்டாவது, சிரித்த முகம் உடையவன், என் மனம் கவர்ந்தவன் என்று கொண்டாடுவது. கண்டவனையும் காணாதவனையும் ஒரே ஆளாக்கிவிட்டால் அது சுத்தமா?

பல்லவியின் முதல் சொல் ஒரு பாட்டின் பெயர் ஆகாது. இதை நான் குழுவில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! முதல் சொல், அடுத்த சொல், ராகம், தாளம், இயற்றியவர் எல்லாம் சேர்ந்தால்தான் அது ஓர் உருப்படி. பாட்டு படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். 'நின்னுகோரி' வர்ணம் தெரியுமா என்றால் எந்த நின்னுகோரி என்று திருப்பிக் கேட்பார்கள். மோகனத்தில் பூச்சி சீனிவாச ஐயங்கார் செய்தது ஒன்று, வசந்தாவில் தச்சூர் சிங்கராசாரியார் செய்தது இன்னொன்று. இரண்டும் ஆதி தாள வர்ணம். சியாமா சாஸ்திரிக்கு மட்டும் 'நின்னுவினாக மரி' பூர்விகல்யாணியில் உண்டு, 'நின்னுவினா மரிகலதா' ரீதிகௌளையில் உண்டு. முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்தால் கடைசியில் எத்தனை பாட்டு மிஞ்சும்?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், உண்மையில் சேர்த்திருக்க வேண்டியது சேரவில்லை. 'சாதிஞ்செனே' என்று ஒரு வரி, 'சமயானிகி' என்று ஒரு வரி. இரண்டும் ஒரே பாட்டு, தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் ஆரபி ராகத்தில் உள்ளதுதான். பல்லவி 'சாதிஞ்செனே ஓ மனசா'. ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு 'சமயானிகி தகு மாடலாடெனே' என்று திரும்பத் திரும்ப வருவதால் நிறைய பேர் அந்தப் பெயரில் சொல்வார்கள். அது என்னுடைய பழைய தவறு, திருத்த வைத்திருந்தேன். அதைத் தம்பி தொடவே இல்லை. எழுத்து வேறாக இருந்தால் வேறு பாட்டு, எழுத்து ஒன்றாக இருந்தால் ஒரே பாட்டு என்று பார்த்திருக்கிறார். காதால் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

இதே கணக்கில் என் பெரியம்மா பட்ட பாடு ஞாபகம் வருகிறது. பெரியம்மாவின் பெயர் லெட்சுமி. பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) தன் காதில் விழுந்தபடி மலாய் எழுத்தில் ஒரு விதமாக எழுதினார். அடையாளக் கார்டில் அது வேறு விதமாக வந்தது. பெரியப்பா இறந்தபின் சேர வேண்டிய பணத்தை வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். இது இரண்டு ஆள் என்று முகப்பில் இருந்தவர் சொல்லிவிட்டார். முப்பது வருடம் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிய கிழவி, நான்தான் அது, நான்தான் அது என்று இரண்டு தாளையும் மாற்றி மாற்றிக் காட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று முறை அலைந்து, சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தபின்தான் லெட்சுமி ஒரே லெட்சுமி ஆனார். அங்கே ஒருவரை இரண்டாக்கினார்கள், இங்கே இரண்டை ஒன்றாக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம், எழுத்தைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் விட்டதுதான்.

சரி, இப்போது வரப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும். "எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சொன்னதே நீங்கள்தானே அக்கா?" ஆமாம், நான்தான் சொன்னேன். சீர் என்றால் பட்டியலில் காட்ட ஒரு பெயர், அதை எப்போதும் ஒரே எழுத்தில் எழுதுவது. மற்ற பெயர்களெல்லாம் பக்கத்துக் கட்டத்தில் மறுபெயராக இருக்க வேண்டும், அழியக்கூடாது. ஒரு ராகத்தைச் சண்முகப்பிரியா என்று தேடுகிறவருக்கும் ஷண்முகப்ரியா என்று தேடுகிறவருக்கும் ஒரே இடம் கிடைக்க வேண்டும். முத்துசாமி தீட்சிதரின் 'சித்தி விநாயகம்' கீர்த்தனை அந்த ராகம்தான், தாய் ராக வரிசையில் 56ஆவது மேளம். ஆனால் தீட்சிதர் மரபில் அதன் பெயர் சாமரம். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற நூல் அந்தப் பெயர்களின் வழியில்தான் போகிறது. நான் சாமரம் என்று மறுபெயர் போட்டிருந்தேன். அதையும் தூக்கிவிட்டார்கள், எழுத்துப் பிழை என்று நினைத்து.

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. நம் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒன்றைச் சொன்னால் மற்றதைப் புரிந்துகொள்கிறோம், யாரும் வழி தவறுவதில்லை. பட்டியலும் அப்படி இருந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

"நீங்கள் என்ன சங்கீதம் படித்தவரா?" என்று ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார். இல்லை. இருபத்தாறு வருடம் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கியவள். மொசார்ட்டின் படைப்புகளுக்கு 1862இல் எண் போட்டு அட்டவணை வெளியிட்ட கோச்செலும் தொழில்முறை இசைக்கலைஞர் இல்லை. சட்டம் படித்தவர், செடிகொடியும் கனிமமும் ஆராய்ந்தவர். அவர் எழுதிய காலவரிசையில் தவறு இருந்தது. பின்னால் வந்தவர்கள் சில படைப்புகளுக்குப் புது எண் கொடுத்தார்கள், ஆனால் பழைய எண்ணை அழிக்கவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தார்கள். நான் கேட்பதும் அதுவே.

வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு: கோயிலில் ஓதுவார் பாடும் 'பித்தா பிறைசூடி' ஏழாம் திருமுறை, முதல் பதிகம், பண் இந்தளம். 'கூற்றாயினவாறு' நான்காம் திருமுறை, முதல் பதிகம். யார் பாடியது, எந்தப் பண் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறது. நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் 'கற்க கசடற' எத்தனையாவது குறள் என்றால் 391 என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். முறையாக அடுக்கி வைப்பது நமக்குப் புதிது இல்லை.

"தெலுங்குக் கீர்த்தனைக்கு இவ்வளவு அக்கறையா?" என்பவரோடு நான் பேசத் தயாராக இல்லை. பெரியப்பா வாசித்தது எதுவோ அதைத்தான் எழுதி வைக்கிறேன். அவர் அருணாசலக் கவிராயர் பாட்டும் வாசித்தார், பாபநாசம் சிவன் பாட்டும் வாசித்தார், இரண்டும் தமிழ். எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. அதாவது, இருந்தன.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மதியம் வரை மரம் வெட்டி, மாலையில் தோட்டக் குடியிருப்பான லயத்துப் பின்வாசலில் நாதஸ்வரத்தின் சீவாளியை (ஊதும் நாக்கை) நனைத்துக்கொண்டு உட்காருவார். நாதஸ்வரத்தில் சொல் கிடையாது. யார் பாடுகிறார், என்ன வார்த்தை என்று கேட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை. கேசட் உறையில் அவர் பென்சிலால் 'நகுமோமு' என்று மட்டும் எழுதியிருப்பார். எந்த நகுமோமு என்று அறிய நான் ஒவ்வொரு நாடாவையும் முழுக்கக் கேட்டேன். பூஞ்சை பிடித்த நாடாக்கள், நடுவில் அறுந்த நாடாக்கள். ராகம் பிடிபடாதபோது கிள்ளானில் இருக்கும் ஒரு பாட்டு ஆசிரியைக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டுவேன். ஒரு வரிக்கு ஒரு மாலை போகும் சில நாள்.

அப்புறம் மல்லாரி. சாமி புறப்படும்போது வாசிப்பது, கம்பீரநாட்டையில். அதற்குப் பல்லவியும் இல்லை, இயற்றியவர் பெயரும் இல்லை. தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று எந்தச் சமயத்தில் வாசிப்பது என்பதே அதன் பெயர். தலைப்புக் கட்டமும் இயற்றியவர் கட்டமும் காலியாக இருந்ததால் பதினோரு மல்லாரிகளும் நேற்று 'முழுமையற்ற பதிவு' என்று நீக்கப்பட்டிருக்கின்றன. பாடலே இல்லாத தோடி ஆலாபனை ஒன்று, நாற்பது நிமிடம், அதுவும் போய்விட்டது. கட்டத்துக்குள் அடங்காவிட்டால் கட்டத்தை மாற்ற வேண்டாமா? பதிவையா தூக்குவது?

இடம் என்ற கட்டத்தில் 'ஆறாங்கட்டை மாரியம்மன் கோயில்' என்று எழுதியிருந்தேன். கட்டை என்றால் இங்கே மைல்கல் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். சுருதியின் அளவுக்கும் கட்டை என்றுதான் பெயர், அதனால் அது இப்போது சுருதிக் கட்டத்தில் '6 கட்டை' என்று உட்கார்ந்திருக்கிறது. பெரியப்பாவின் பாரி நாதஸ்வரம் (நீளமான வகை) இரண்டு கட்டை. அந்தக் கோயில் எங்கே இருந்தது என்ற தகவல் இப்போது எங்குமே இல்லை. கோயிலும் இல்லை, சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டு, பேசாமல் நானே திருத்தியிருப்பேன். வாசித்தவர் கட்டத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். பெரியப்பாவின் பெயர் இருந்த இடமெல்லாம் 'அறியப்படாதவர்' என்று மாறியிருக்கிறது. காரணம் கேட்டேன். இணையத்தில் தேடினேன், அப்படி ஒரு வித்வான் வரவில்லை, அதனால் பொதுவாகப் போட்டேன் என்றார் தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பதில் எழுதக் கை வரவில்லை. இணையத்தில் வராதவரை வரவைக்கத்தானே அய்யா இந்தப் பட்டியலை ஆரம்பித்தோம்?

தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஆனால் உங்களுக்குக் கணினி தெரியும், எனக்கு அவ்வளவு தெரியாது, நீங்கள் இல்லாமல் இது நடக்காது. போன மாதப் பிரதி என் விரலியில் (பென் டிரைவில்) இருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், நாடாக்களும் இங்கேதான் இருக்கின்றன, நீங்களே காதால் கேளுங்கள். மல்லாரிகளை முதலில் திருப்பிப் போடுவோம். சாதிஞ்செனேயையும் சமயானிகியையும் சேர்ப்போம். அப்புறம் அந்த இன்னொரு நகுமோமு. அதன் வரி இப்படித்தான் இருந்தது, இப்படியே வர வேண்டும்: நகுமோமு கலவானி, மத்தியமாவதி, ஆதி, தியாகராஜர். நாதஸ்வரம் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர், முழுப் பெயர். இடம் ஆறாங்கட்டை மாரியம்மன் கோயில். குறிப்பு: திருவிழா முடிந்த விடியற்காலை, ரதம் கோயிலுக்குத் திரும்பியபின் வாசித்தது, பின்னால் சேவல் கூவுகிறது.