காலி நாற்காலிகளைப் படம் எடுத்த தம்பிக்கு

சனிக்கிழமை நடந்த நம் சிவில் இன்ஜினியர்கள் சங்கக் கூட்டத்தின் அந்தப் போட்டோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், மறுபடியும் நான் இங்கே போட வேண்டியதில்லை. காலி நாற்காலிகள், மைக் முன்னால் தனியாக ஒரு பெரியவர், மேலே "இதெல்லாம் யூடியூப்லயே இருக்கு, ரெண்டு மணி நேரம் வேஸ்ட்" என்று ஒரு வரி. அதற்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் நம் தொழில்காரர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

யூடியூபில் இருக்கிறது, சரி. பீம் டிசைன் இருக்கிறது, சாஃப்ட்வேர் பாடம் இருக்கிறது, நானும் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன். ஆனால் "நான் போட்ட ஸ்லாப் விரிசல் விட்டது, நான் செய்த தப்பு இதுதான்" என்று எந்த இன்ஜினியர் கேமரா முன்னால் உட்கார்ந்து சொல்கிறார்? பெயர் கெடும், வழக்கு வரும், அடுத்த வேலை வராது. அந்தக் கதையெல்லாம் இடைவேளையில் வராந்தாவில் நாலு பேர் நிற்கும்போதுதான் வெளியே வரும். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன். ஸ்லைடு பார்ப்பதற்காக இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், 28ஆம் நாளில் பலம் 25 வர வேண்டிய 25 கிரேடு கான்கிரீட்டுக்கு, கியூப் ரிசல்ட் (அதே கான்கிரீட்டை அச்சில் வார்த்து உடைத்துப் பார்க்கும் கட்டிகளின் பலம்) 18, 19 என்று வந்து நின்றது. ஸ்லாபை உடை என்று ஒருவர், கான்ட்ராக்டர் சிமென்ட்டைத் தின்றுவிட்டான் என்று இன்னொருவர், எனக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. அந்த வாரம் மேலதிகாரி போக வேண்டிய சங்கக் கூட்டத்துக்கு என்னை அனுப்பினார். இடைவேளையில் பக்கத்தில் நின்ற ஒரு மூத்த இன்ஜினியரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் மிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கியூபை முதல் ராத்திரி எங்கே வச்சீங்க?" என்றார். தெரியவில்லை. "மூணு அடுக்காப் போட்டு அடுக்குக்கு 35 குத்து குத்தினது யாரு, நீங்க பக்கத்துல நின்னீங்களா?" நிற்கவில்லை. மறுநாள் காலை சைட்டுக்குப் போய்ப் பார்த்தால், புதிதாகப் போட்ட கியூபுகள் மிக்ஸர் பக்கத்தில் மொட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. 24 மணி நேரத்தில் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டியவை, மூன்று நாளாக அங்கேயே கிடந்திருக்கின்றன. அவர் சொன்னபடி ஸ்லாபிலேயே துளையிட்டு மூன்று கோர், அதாவது உருளைத் துண்டுகள், வெட்டி எடுத்துச் சோதித்தோம். சராசரி, இருக்க வேண்டிய பலத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தனியாக எந்தக் கோரும் 75க்குக் கீழே போகக் கூடாது, இதுதான் கணக்கு. தேறிவிட்டது. அந்த ஸ்லாப் இன்றைக்கும் நிற்கிறது. கியூப் போடும் முறை நான் படித்த புத்தகத்திலேயே இருந்ததுதான். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

தப்பை யாரும் வெளியே சொல்வதில்லை என்பது மிகையில்லை. நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளை போல்ட் போட்டு முடித்திருந்தார்கள், மூலைவாட்டில் அடிக்கும் காற்றை அது தாங்காது என்று அதை வடிவமைத்த லெமெஷூரியருக்கே 1978இல்தான் தெரிந்தது. ராத்திரி ராத்திரியாக வெல்டிங் செய்து சரிபண்ணினார்கள். விஷயம் ஊருக்குத் தெரிந்தது 1995இல். 17 வருஷம்! அத்தனை வருஷம் அந்தப் பாடம் தொழிலில் இருந்த பெரும்பாலானோருக்குக் கிடைக்கவே இல்லை.

வந்தது பதினோரு பேர்தானே, இது ஒரு கூட்டமா என்பீர்கள். 1818இல் லண்டனில் ஒரு காபி ஹவுஸில் உட்கார்ந்து இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ் என்ற பிரிட்டன் இன்ஜினியர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளைஞர்கள். 1820இல் பாலங்களும் சாலைகளும் கட்டிப் பெயர்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்டு தலைவராக வரும்வரை தட்டுத்தடுமாறித்தான் நடந்தது. அங்கேயும் காலி நாற்காலி இருந்திருக்கும்.

வரவேற்புரை நீளம் என்கிறீர்களா, ஒத்துக்கொள்கிறேன், கமிட்டியில் நானே சண்டை போட்டிருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு முடிகிற கூட்டத்துக்கு நாங்கள் எப்படி வருவது என்று ஒரு தங்கை கேட்டார், அவர் கேட்டது நியாயம், நேரத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் "நேரம் இல்லை" என்பதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். மாதத்தில் ஒரு மாலை. அந்தப் போட்டோவுக்கு வந்த பதில்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுத நேரம் இருந்ததே?

"உங்களுக்கு மரியாதை வேணும், அதான் கோபம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வேண்டாம். அந்தப் பெரியவருக்கு வேண்டும், ஆமாம். பழைய கட்டடத்தில் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றிப் பேச, துருவேறி உப்பிப்போன ஒரு முழக் கம்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன், விரலால் அழுத்தினாலே அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்கிறது. இது உப்பித்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று அவர் அதைக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தம்பி, நீங்கள் பின்வரிசையில் எழுந்து நின்று படம் எடுத்தீர்கள். இடைவேளையில் கிளம்பியும் விட்டீர்கள்.

இன்று காலை அவர் எனக்கு போன் செய்தார். போட்டோவை அவரும் பார்த்திருக்கிறார், அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. "அந்தப் பையன் ஒரு கேள்வி கேட்டாரே, துருவைச் சுரண்டிட்டுப் புதுசாப் பூசினாப் போதாதான்னு, நான் சரியா பதில் சொல்லலை" என்றார். கான்கிரீட்டில் உப்பு ஏறியிருந்தால், ஒட்டுப்போட்ட இடத்தை ஒட்டியே கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்குமாம். அவரே செய்த ஒரு ரிப்பேர் இரண்டே வருஷத்தில் அப்படிப் பெயர்ந்து விழுந்ததாம். "மைக்கில சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு, அவர் நம்பர் இருந்தாக் கொடுங்க" என்றார்.

கொடுத்திருக்கிறேன். போன் வந்தால் எடுங்க தம்பி.