அன்ரிக்கும் ஒரு கட்டில் வேண்டும்

அந்த ஸ்கிரீன்ஷொட்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். முதுமாணி படிக்க இடம் கிடைத்த ஒரு பெண், கம்பஸுக்குள் தங்க ஏதாவது வசதி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கிறார். 'அன்ரி, ஹொஸ்டல் பிள்ளைகளுக்கு' என்று ஒருவர் பதில் போடுகிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. சிரித்தவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறார்கள். ஒருவர் விரிவுரையாளர். நல்லது சேர்.

அவர் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? வயது கூடிய மாணவரும் மாணவர்தான். அவருக்கும் இரவில் படுக்க இடம் வேண்டும்.

'பிள்ளைகள்' என்கிறீர்களே, அந்தப் பிள்ளைகளின் வயதைக் கொஞ்சம் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை நடந்ததே 2022 பெப்ரவரியில்தான். 2022இன் பரீட்சை 2023 ஜனவரிக்குப் போனது. பிறகு பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று இன்னும் இழுபடும். உள்ளே போனால் 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம், மாதக்கணக்கில் வகுப்பே இல்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டில் முதலாம் வருடம் தொடங்குகிறவர்கள் எத்தனை பேர்! ஒக்ஸ்போர்டில் ஹரிஸ் மான்செஸ்டர் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. 21 வயது ஆனவர்களை மட்டும்தான் சேர்க்கும், 'முதிர்ந்த மாணவர்' கல்லூரி என்பதால். கேம்பிரிட்ஜில் ஹியூஸ் ஹோல், வுல்ஃப்சன், சென் எட்மண்ட்ஸ் மூன்றும் அப்படித்தான். அந்தக் கணக்கில் ஸ்மைலி போட்ட தம்பிமார், தங்கச்சிமார் பலர் ஏற்கெனவே அங்கிள், அன்ரி. வாழ்த்துகள்.

வெள்ளைக்காரன் கதை வேண்டாம் என்பீர்கள். சரி, டெல்லியில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். திருமணமான ஆய்வு மாணவர்களுக்கென்றே மகாநதி என்று ஒரு விடுதி. குடும்பத்தோடு இருக்கலாம். அதனால் அங்கே கலாசாரம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இங்கேயும் தங்கிப் படிப்பது புது விஷயமில்லை. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் திட்டமிட்டதே மாணவர் உள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும் என்றுதான். எங்கள் ராமநாதன், அருணாசலம் பெயரில்கூட அங்கே விடுதிகள் இருக்கின்றன. 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து மலைக்குப் போனது, அந்த எண்ணமும் கூடவே மலையேறிவிட்டது போல. கொழும்பில் படிக்க வருகிறவருக்கு ஊரே விடுதி. ஊர் என்றால் வெள்ளவத்தை போர்டிங்.

முதுமாணி படிக்க வந்து நான் இருந்த போர்டிங்கைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்கார அன்ரி கேட்ட முதல் கேள்வி, 'அவர் எங்க?' அவர் வவுனியாவில், பிள்ளையோடு. 'அப்ப நீங்க ஏன் இங்க?' அறை வாடகைக்கு முன் குடும்ப விசாரணை. ரைஸ் குக்கர் கூடாது, கரண்ட் ஏறும். ஃபிரிட்ஜில் எனக்குக் கீழ்த்தட்டில் அரைவாசி. மற்ற அரைவாசியில் அவருடைய கறிவேப்பிலை. கேற் எட்டரைக்குப் பூட்டு. எனக்கு வகுப்பு முடிவதே எட்டு மணிக்கு. கம்பஸ் இருக்கும் தேர்ஸ்டன் வீதியிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்திவரை வேர்க்க விறுவிறுக்க நடந்து, 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தால், பூட்டின கேற்றுக்கு உள்ளே நின்று திறப்பை ஆட்டிக்கொண்டு, 'இதென்ன ஹோட்டலா பிள்ளை?' என்பார். அங்கே மட்டும் நான் பிள்ளை! விரிவுரையாளர் கடைசியாகச் சொல்லும் முக்கியமான பத்து நிமிடத்தை நான் பெரும்பாலும் கேட்டதேயில்லை.

வார இறுதி வகுப்புக்காரர் பாடு இன்னும் மோசம். வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் விடியமுன் காலி வீதியில் இறக்கிவிடுவான். ஒன்பது மணி வகுப்புவரை எங்கே இருப்பது, எங்கே முகம் கழுவுவது? பிளாஸ்கும் புடவைப் பையுமாக ஆசிரியைகள் கடைப் படிகளில் குந்தியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாடசாலையில் நாற்பது பிள்ளைகளை எழும்பி நிற்க வைக்கிறவர்கள். இலட்சக்கணக்கில் கட்டணம் கட்டியும் ஒரு குளியலறைச் சாவி கிடையாது. இலவசமாகக் கேட்கவில்லை. ஒரு மாடி, தனி வாசல், சனி ஞாயிறுக்கு நாள் வாடகை. இதைச் செய்ய உலக வங்கியா வர வேண்டும்?

'இளங்கலை மாணவருக்கே இடம் போதாது' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. தூர மாவட்டத்துப் பிள்ளைகள் கிராம சேவகர் கடிதத்தோடு அலைவது எனக்கும் தெரியும், அவர்களுக்குத்தான் முதலிடம். அதற்காக எங்களுக்கு இடமே வேண்டாம் என்று ஆகிவிடாது.

'பெரியவர்கள் வந்தால் பகிடிவதை கூடும்' என்கிறார் இன்னொருவர். ஐயா, பகிடிவதையைத் தடுக்க 1998இலேயே சட்டம் போட்டாயிற்று. அதை இத்தனை வருடமாக மீறுகிறவர்கள் முப்பத்தாறு வயது முல்லைத்தீவு ரீச்சர்மாரா? சிவராத்திரியில்கூட முழுதாய்க் கண் விழிக்க முடியாத நாங்கள், நள்ளிரவில் எழும்பி யாரைத் தோப்புக்கரணம் போடச் சொல்லப் போகிறோம்? உண்மையில் விடுதியில் நாலு பெரிய மனிதர் இருந்தால் அந்தச் சேட்டை குறையும். அதுதான் சிலருக்குப் பயமோ தெரியாது.

அடுத்தது எல்லோரும் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி. 'இந்த வயதில் படித்து என்ன செய்யப் போகிறீர்கள்?' பதவி உயர்வு எடுக்கப் போகிறேன். சம்பளப்படி ஏறும். அதில் என்ன வெட்கம்? போர் முடிந்தபோது படிக்க வேண்டிய வயதைத் தாண்டிவிட்டவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த வருடங்களை முகாமில் விட்டுவிட்டு வந்தவரிடம் போய் 'நேரத்துக்குப் படித்திருக்கலாமே' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஐம்பதைத் தொட்ட ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'சேர்'. கன்ரீனில் கதிரை இழுத்துக் கொடுப்பார்கள். நான் அவரைவிட எவ்வளவோ இளையவள், எனக்கு 'அன்ரி, வீட்டில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?' அவருக்கும் மூன்று பிள்ளைகள். அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு இப்போது விடுதிப் பிரச்சினையைவிட இதுதான் எரிகிறது.

கொமென்டில் 'வயசான காலத்தில்' என்று தொடங்கப் போகிறவர்கள் தங்கள் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் போடவும். மிச்சக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.