உள்ளே துணி இருக்கிறது

முந்தாநாள் நான் செய்த கத்தியின் படத்தை இங்கே போட்டதும் நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். "பிடி வெறும் பிளாஸ்டிக். இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்று ஒருவர் எழுத, ஒரு கூட்டமே சிரித்துவிட்டுப் போனது. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அது வெறும் பிளாஸ்டிக் இல்லை. மைக்கார்ட்டா. உள்ளே துணி இருக்கிறது. கித்தான் துணியை அடுக்கடுக்காக ஃபீனாலிக் பிசினில் தோய்த்து, சூடேற்றி, பெரும் அழுத்தத்தில் ஒரே பலகையாக இறுக்கியது. கித்தானுக்குப் பதில் லினனோ காகிதமோ வைப்பதும் உண்டு. "பிசின் பிளாஸ்டிக்தானே?" என்று வருவீர்கள். ஆமாம், பிசின் பிளாஸ்டிக்தான். ஆனால் அந்தப் பிசின் தனியாக இருந்தால் ஓர் அடிக்கே உடையும். அடியைத் தாங்குவது துணி. கம்பி கட்டிய கான்கிரீட்டை வெறும் சிமெண்ட் என்று எந்தக் கொத்தனாராவது சொல்வாரா?

லியோ பேக்லண்ட் என்ற வேதியியலாளர் பேக்லைட் என்ற ஃபீனாலிக் பிசினைச் செய்தது 1907இல். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அதைத் துணியோடும் காகிதத்தோடும் சேர்த்து மைக்கார்ட்டா ஆக்கிவிட்டது. தேவை மின்காப்பு, அதாவது மின்சாரம் பாயாமல் தடுக்கும் பொருள். அதுவரை அந்த வேலைக்கு மைக்காவைத்தான், நம் காக்காப்பொன்னைத்தான், நம்பியிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த டேனியல் ஓகானரும் ஹெர்பர்ட் ஃபேபரும் 1913இல் வெளியேறி, சின்சினாட்டியில் சொந்தமாகத் தொடங்கியதுதான் ஃபார்மைக்கா. 'மைக்காவுக்குப் பதில்' என்பதுதான் அந்தப் பெயரே. மேசைமேல் பளபளப்பாக ஒட்டுகிறோமே, அதே ஃபார்மைக்கா. அழகு பின்னால் வந்தது, உழைப்பு முன்னால். கார் எஞ்சினில் சத்தம் போடாத பல்சக்கரமாக ஓடியிருக்கிறது இந்த வகைப் பலகை. 1920களில் விமானத்தின் உந்துசுழலியாகவே சுழன்றிருக்கிறது. வெறும் பிளாஸ்டிக்காம்!

"மரம்தான் கத்திக்கு அழகு" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் மரப்பிடி போட்டவன்தான். ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஆணியடியில் வெடித்த பிடிகளை எத்தனை முறை பிடுங்கி மாற்றியிருப்பேன்! மைக்கார்ட்டா அப்படி ஊதுவதில்லை, வெடிப்பதில்லை. பாலிஷ் போடாமல் விட்ட கித்தான் பிடி, கை நனைந்தால் நன்றாகவே பற்றும். வருடம் போகப் போக நிறம் ஆழமாகும். மட்காது, உருக்கி மறுபடி வார்க்க முடியாது என்றால், சரி, உண்மை. அறுக்கும்போது வரும் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஆயுள் முழுக்க உழைக்கிற பொருளைக் குப்பை என்று சொல்ல மனசு எப்படி வருகிறது?

எனக்குக் கத்தி செய்யக் கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாள் கையில் கொடுத்தது ஒரு பழுப்புப் பலகைத் துண்டு. "ஓரத்தை அரத்தால் வளைச்சுத் தேய்டா" என்றார். கார்பாலிக் சோப்பு மாதிரி ஒரு வாடை. தேய்க்கத் தேய்க்க, தட்டையாகக் கிடந்த அடுக்குகள் வளையம் வளையமாக எழுந்து வந்தன, மரத்தின் ஆண்டு வளையம் போல. உப்புத்தாள் போட்டதும் நூலின் பின்னல் தெரிந்தது. "துணிடா இது," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. நீங்கள் சிரித்த அந்தப் பிடி, அவர் விட்டுப்போன பலகையில் அறுத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே நூல் தெரிந்திருக்கும். ஒருவர்கூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. கேள்வியாகக் கேட்டிருந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் எழுதியிருப்பேன்.

அந்தப் பலகையில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது. விலை கேட்டு யாரும் உள்பெட்டிக்கு வரவேண்டாம்.