கியர்பொக்ஸை மாற்றாதவர்கள் சோம்பேறிகளா?

நேற்று வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையொன்றில் பொறியியல் படிக்கும் என் மருமகனோடு பெரிய வாக்குவாதம். பெல் 505 ஹெலிகொப்டர் பற்றித்தான். "மாமா, 2014இல முதல்முதல் பறந்த புது ஹெலி. அதுக்குப் போய்ப் பெல்லின்ர பழைய மொடல் 206எல்-4 இன்ர ரோட்டரையும் கியர்பொக்ஸையும் போட்டிருக்கிறாங்கள். இதெல்லாம் ஒரு டிசைனா?" என்றான். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

பஞ்சிகாவத்தையில் இருபது வருடமாகக் கியர்பொக்ஸ் கழற்றிப் பூட்டுகிறவன் நான். எஞ்சினைப் பற்றி ஆசையாகப் பேச ஆயிரம் பேர் வருவார்கள். கியர்பொக்ஸைப் பற்றிக் கேட்பவர்கள் அது உடைந்த பிறகுதான் வருவார்கள்.

206எல்-4இன் அதே குடும்பத்து ஹெலியான 206 ஜெட்ரேஞ்சரின் அலிசன் 250-சி20பி எஞ்சினைப் பாருங்கள். எடை 72 கிலோ, வலு 420 குதிரைவலு. அதே வலுவுக்கு ஒரு பிஸ்டன் எஞ்சினைத் தூக்கி வைத்தால் ஹெலி எழும்பவே கஷ்டப்படும். ஆனால் அதற்குள் வலு தரும் டர்பைன், அதாவது சூடான வாயு சுழற்றும் சக்கரம், நிமிடத்துக்கு 33,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. தலைக்கு மேலுள்ள ரோட்டர் சுற்றுவதோ 394 தடவை. எஞ்சினுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் வேகத்தை 6,016க்கு இறக்கும். மிச்ச வேலை பிரதான கியர்பொக்ஸுக்கு. வேகம் குறையக் குறைய முறுக்குவிசை கூடும். அவ்வளவையும் தாங்குவது அந்தப் பற்களும் பெயாரிங்குகளும்தான். அதில் எந்த இடம் முதலில் தேயும், எந்தப் பெயாரிங் சூடேறும் என்பது பல வருடம் பறந்து, கழற்றிப் பார்த்துத்தான் தெரியவரும்.

இன்னொன்று. அந்த 420 குதிரைவலுவில் ஜெட்ரேஞ்சரின் கியர்பொக்ஸ் எடுப்பது 317 மட்டும். மருமகனுக்கு இது வீண். எனக்கு இதுதான் அழகு. கொழும்பு மத்தியான வெயிலிலும், 1,868 மீற்றர் உயர நுவரெலியாவிலும் காற்று அடர்த்தி குறையும், டர்பைனின் வலுவும் இறங்கும். கையில் மிச்சம் இருந்தால்தான் அப்போதும் தேவையானது கிடைக்கும்.

தேவையானதை மட்டும் மாற்றுவதுதான் ஜெட்ரேஞ்சர் பிறந்த கதையும். அமெரிக்க இராணுவப் போட்டிக்குப் பெல் நிறுவனம் செய்த வைஒஎச்-4 என்ற ஹெலி, 1965இல் ஹியூஸ் நிறுவனத்தின் ஹெலியிடம் தோற்றது. ஆட்கள் இருக்க இடம் போதாத உடலைத்தான் பெல் திருத்தி வரைந்தது. 1966 ஜனவரி 10இல் முதல் ஜெட்ரேஞ்சரான 206ஏ பறந்தது. 505இலும் அப்படியே: கபின் புதிது, எஞ்சின் புதிது, எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்துகிறது. பழைய 206ஐ ஸ்டார்ட் செய்யும்போது விமானி வெப்பமானியிலேயே கண் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் டர்பைன் கருகிவிடும். மாற்ற வேண்டியது அதுதான், மாற்றியிருக்கிறார்கள்.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த இரட்டை இறக்கை ரோட்டரோடு பறக்கும்போது மூக்கைச் சடாரென்று கீழே தள்ளினால், ரோட்டர் மையம் அதைச் சுழற்றும் தண்டில் மோதி அதையே முறிக்கலாம். மருமகன் இதைச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் அடங்கியிருப்பேன்.

இரட்டை இறக்கையின் அந்த 'டப் டப்' சத்தத்துக்கு யுத்த காலத்தில் பங்கருக்குள் ஓடி ஒளிந்த பிள்ளை நான். இன்றும் கடற்கரைப் பக்கம் ஒரு ஹெலி போனால் நெஞ்சு இறுகும். அப்படியும் அந்த இயந்திரத்தை விளங்கிக்கொள்ளும் ஆசை விடவில்லை.

சனிக்கிழமை கடைக்கு வா மருமகனே. ஒரு லொறி கியர்பொக்ஸ் திறந்து கிடக்கிறது. பற்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசுவோம்.