நிறத்தைத் தொடாமல் டல்சாவை நடத்திக் காட்டுங்கள்

ரயன் வால்டர்ஸின் அந்தப் பழைய வீடியோ மறுபடியும் சுற்றுகிறது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தின் பள்ளிக்கல்வித் தலைவராக இருந்தபோது, 2023 ஜூலையில் நார்மன் நகர நூலகத்தில் பேசியது. அதே மாநிலத்து டல்சா நகரில் 1921இல் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைக் கொன்ற படுகொலையைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்பது பற்றி. “படுகொலையைச் சொல்லித்தர வேண்டாம் என்றா சொன்னார்? தோல் நிறத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றுதானே சொன்னார்?” என்று நம் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே ஹார்ட் விட்டிருக்கிறார்கள். பெரிய மனசு.

சரி, நிறத்தை எடுத்துவிட்டே நடத்துவோம்.

1921 மே 31, டல்சா ட்ரிப்யூன் நாளிதழ். லிஃப்ட் இயக்கிய வெள்ளைக்காரப் பெண்ணைத் தாக்கியதாகக் கைதான டிக் ரோலண்ட் பற்றிய செய்தி. தலைப்பிலேயே அவருடைய இனம் இருக்கிறது. முதல் ஆவணமே போச்சு. அன்றிரவு நீதிமன்ற வாசலில் வெள்ளையர் கூட்டம். ரோலண்டை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று காவலுக்கு வந்தவர்களில் முதல் உலகப்போருக்குப் போய்வந்த கறுப்பினப் படைவீரர்களும் உண்டு. போலீஸ் யாரைத் திடீர்க் காவலர்களாக நியமித்தது? வெள்ளையர்களை. மறுநாள் கறுப்பர்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் வெள்ளையர் கும்பல் வைத்த தீயில் சுமார் 35 தெருக்கட்டுகள் எரிந்துபோயின. 1,200க்கு மேற்பட்ட வீடுகள்.

இதையெல்லாம்கூட மழுப்பலாம். தப்பிப் பிழைத்த கறுப்பர்களைக் கன்வென்ஷன் ஹாலிலும் பேஸ்பால் மைதானத்திலும் அடைத்தார்கள். வெளியே வர வேண்டுமானால் வெள்ளைக்கார முதலாளி பொறுப்பேற்க வேண்டும். நடமாடப் பச்சை அட்டை வேண்டும். “டீச்சர், அவங்களுக்கு மட்டும் எதுக்கு அட்டை?” என்று ஒரு பிள்ளை கேட்டால்? நிறத்தைத் தொடாமல் பதில் சொல்லுங்கள், கேட்கிறேன்.

“வால்டர்ஸ் பிறகு விளக்கம் கொடுத்தாரே, இனவெறிதான் என்று ஒப்புக்கொண்டாரே!” சந்தோஷம். அப்புறம் எதைத்தான் முடிச்சுப் போடக்கூடாதாம்?

“சட்டத்தைப் படித்தாயா?” படித்தேன். பள்ளிகளில் இனம் பற்றி எதை நடத்தக் கூடாது என்று சொல்லும் ஒக்லஹோமா சட்டம், 2021 மே மாதம் கையெழுத்தான 1775ஆம் எண் மசோதா. மாநிலப் பாடத்திட்டத்தில் உள்ளதை நடத்தலாம் என்று அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. தன் இனத்துக்காக ஒருவர் சங்கடமோ குற்றவுணர்வோ பட வேண்டும் என்ற கருத்தைப் பாடமாக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. காகிதத்தில் சரிதான். ஆனால் பிள்ளை வீட்டில் போய் முகம் வாடி உட்கார்ந்தால், அது ஆசிரியர் சொன்னதாலா, நடந்தது அப்படி என்பதாலா? புகார் போனபிறகுதான் அது முடிவாகும். அதுவரை கத்தி ஆசிரியரின் உரிமத்தின் மேல். 2022 ஜூலையில் இந்தச் சட்டத்தை மீறியதாக டல்சா, மஸ்டாங் பள்ளி மாவட்டங்களின் அங்கீகாரத்தை எச்சரிக்கை நிலைக்கு இறக்கினார்கள். டல்சாவில் புகார் வகுப்பறைப் பாடத்தைப் பற்றிக்கூட இல்லை, ஆசிரியர்களுக்கான பயிற்சியைப் பற்றி! இதைப் பார்த்த ஆசிரியர் எதை முதலில் வெட்டுவார்? பச்சை அட்டையைத்தான். தேதியும் எண்ணிக்கையும் மிஞ்சும்.

“வெள்ளைக்காரக் குழந்தை பாவமில்லையா?” பாவம்தான். அதே வகுப்பில் கிரீன்வுட் வம்சத்துப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறதே, அதன் சங்கடத்துக்கு எந்த மசோதா? கலவரம் என்று காரணம் காட்டிக் காப்பீட்டுப் பணத்தையும் மறுத்தார்கள். அந்தக் கொலைகளுக்கும் தீவைப்புகளுக்கும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மாநிலம் அமைத்த ஆணையமே 2001இல் இதை எழுதி வைத்திருக்கிறது. அன்று உயிர் பிழைத்து நூறு வயதைத் தாண்டியவர்கள் போட்ட வழக்கை 2024 ஜூனில் ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கு யாரும் ஹார்ட் விட்டதாகவோ கண்ணீர் விட்டதாகவோ தெரியவில்லை.

நிறமில்லாத பாடக்குறிப்பு யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். பச்சை அட்டை அதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.