நுரைதான் அழுக்கை எடுக்கிறதா?

தலைக்கு ஷாம்பு போடும்போது நுரை குறைவாக வந்தால் அழுக்கு போகவில்லை என்று அர்த்தம் எனச் சொல்லியிருந்தீர்கள். அது அப்படியில்லைங்க. ஷாம்புவில் அழுக்கெடுக்கும் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை தண்ணீரோடு போகும். அழுக்கு கழல்வது அதனால்தான். நுரை என்பது ஷாம்பு கலந்த தண்ணீரில் சிக்கிய காற்று. நுரை கூடுவதற்காகவும் கோகமிடோப்ரொபைல் பீட்டெய்ன் போன்ற துணைப் பொருட்களைச் சேர்க்கிறார்கள்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு பாட்டிலில் ஒரே அளவு தண்ணீர், அரை ஸ்பூன் ஷாம்பு. ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டையும் மூடிக் குலுக்குங்கள். எண்ணெய் விட்டதில் நுரை குறையும், தண்ணீர் பால்போலக் கலங்கும். அந்தக் கலங்கலில்தான் ஷாம்பு எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்து வைத்திருக்கிறது. எண்ணெய் தேய்த்த தலை முதல் தடவை நுரைக்காமல், இரண்டாம் தடவை பொங்குவதும் இதனால்தான்.